என் மகள் வேன் ஓட்டுகிறாள்

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே ஒரு பெண்மணி. முகம் தெரியும், பெயர் தெரியாது. கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்துச் சிரித்துக்கொள்வோமே, அந்த ரகம். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"உங்க மக நியூசிலாந்துலதானேக்கா இருக்கு? என்னா வேலை செய்யிது?"

"வேன் ஓட்டுது."

அப்பளம் நொறுங்கும் சத்தம் நின்றது.

"வேனா?"

"ஆமா. டூரிஸ்ட் வேன். பத்துப் பேர ஏத்திக்கிட்டுப் போயி ஊரச் சுத்திக் காட்டும். அதுவே ஓட்டும், அதுவே கதையும் சொல்லும்."

"ஓ..." என்று ஓர் இழுப்பு. "அக்கவுண்டன்சி படிச்சிச்சுன்னு சொன்னாங்களேக்கா..."

"படிச்சிச்சு. நல்லாவே படிச்சிச்சு."

நல்லவேளை, பாயசம் வந்தது. அவரும் தப்பித்தார், நானும் தப்பித்தேன்.

இதில் என்ன பெரிய செய்தி என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால், கண்ணை இமைக்காமல் 'டூரிசம் மேனேஜ்மென்ட்' என்றிருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் அப்படித்தான் சொன்னேன். செந்தூலில் இருக்கும் நாத்தனார் வீட்டில் அப்படித்தான் சொன்னேன். அவ்வளவு ஏன்... இதே பக்கத்தில் ஒரு முறை 'நியூசிலாந்தில் நிர்வாகத் துறையில் இருக்கும் என் மகள்' என்று எழுதியும் வைத்தேன். நீங்களும் நம்பினீர்கள்.

எனவே, இதோ திருத்தம். என் மகள் ஷாமினி எந்த நிர்வாகத்திலும் இல்லை. அவள் டிரைவர். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

ஏன் மறைத்தேன்? வெட்கம்தான், வேறென்ன. ஆனால் அந்த வெட்கம் என்னிடத்தில் ஆரம்பித்தது இல்லை. அதற்கு என் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும்.

இவர் முப்பத்தோரு வருஷம் பேக்டரி பஸ் ஓட்டியவர். கிள்ளானில் ஆள் ஏற்றி, தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றி வருவார். வெயில், மழை, வெள்ளம், கொண்டெய்னர் லோரிகளின் நெரிசல்... எதற்கும் லீவு போட்டதில்லை. போன வருஷம் முட்டி வலி வந்துதான் சாவியைக் கொடுத்தார். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்குதான். தான் ஸ்டீயரிங் பிடித்தால் மகள் பேனா பிடிப்பாள்.

மகளும் பிடித்தாள். பட்டம் வாங்கினாள். மேற்படிப்புக்கு ஆக்லாந்து போனாள். அங்கேயே ஆபீஸ் வேலையும் கிடைத்தது. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய்வந்தார். பிறகு ஒரு நாள் போன் வந்தது.

"ப்பா, ஆபீஸ் வேலைய விட்டுட்டேன். டூர் கம்பெனியில சேந்துருக்கேன். ஆள் ஏத்துற லைசென்ஸ் எடுத்தாச்சு. வேன் ஓட்டப் போறேன்ப்பா!"

குரலில் அத்தனை சந்தோஷம். இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அன்று மாலைதான் வாயைத் திறந்தார்.

"அந்த சீட்டுல முப்பத்தோரு வருஷம் நான் எதுக்கு ஒக்காந்தேன்? அது ஒக்காரக் கூடாதுன்னுதானே?"

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதன் பிறகு எட்டு மாதம் மகளிடம் இரண்டே கேள்விகள்தான். சாப்பிட்டியா? ஒடம்பு நல்லாருக்கா? பதில் வந்ததும் போன் என் கைக்கு வந்துவிடும். சிறு வயதில் அப்பா மடியை விட்டு இறங்காத பிள்ளை. எட்டு மாதமும் அந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே வாரம் தவறாமல் கூப்பிட்டாள்.

டிக்கெட் போட்டு அவள் எங்களை அழைத்தபோது இவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஆனால் விமானம் ஏறும்முன் ஒரு நிபந்தனை.

"மகளப் பாக்க வரேன். அது வேலையப் பாக்க வரல."

சரி சாமி!

ஆக்லாந்து எப்படிப்பட்ட ஊர் என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். துறைமுக நகரம். இரண்டு பக்கமும் கடல். அதுவல்ல விசேஷம். ஊருக்குள்ளேயே ஐம்பதுக்கும் மேல் எரிமலைகள்! தெரு முனையில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று. பச்சைப் பசேல் என்று குன்று மாதிரி நிற்கின்றன. அவற்றின் மேல் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போகிறார்கள் ஜனங்கள். நம் கிள்ளானும் துறைமுகம்தான். நமக்கு எரிமலை கிடையாது. என் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷாமினி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வியாழக்கிழம எனக்குக் கடைசி டெஸ்ட் டிரிப். சீனியர் ஒருத்தவங்க பக்கத்துல ஒக்காந்து முழு நாளும் பாப்பாங்க. பாஸ்னா எனக்குன்னு தனி வேன், தனி ரூட் குடுப்பாங்க. இல்லன்னா ஆரம்பத்துல ஒக்கார வச்ச புக்கிங் கவுண்டருக்கே திரும்பிப் போகணும். இன்னொரு சான்ஸ் குடுப்பாங்களான்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த டிரிப்ல ரெண்டு சீட் காலியா இருக்கு. வரீங்களா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ரசத்தைப் பார்த்தார்.

"ஆனா எங்கம்மா எங்கப்பான்னு யாருக்கும் தெரியக் கூடாது. சாயந்திரம் கெஸ்டுங்ககிட்ட ஃபாரம் குடுத்துக் கருத்துக் கேப்பாங்க. சொந்தக்காரங்கள வச்சு மார்க் வாங்குனேன்னு பேர் வரக் கூடாது. பாப்பான்னு கூப்பிடக் கூடாது. பிரேக்கப் புடின்னு சொல்லக் கூடாது."

கடைசி வாக்கியம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றார் இவர். பிறகு, தட்டைக் கழுவப் போகும் வழியில், "எத்தன மணிக்கு வண்டி?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. துறைமுகத்துப் படகுத்துறைக்கு எதிரே வெள்ளை வேன் வந்து நின்றது. முதல் நாள் மழை பெய்து ரோடு இன்னும் ஈரமாக இருந்தது. ஷாமினி கம்பெனி ஜாக்கெட்டில் இறங்கினாள். எங்களைப் பார்த்து, "குட் மோர்னிங், வெல்கம்!" என்றாள். நானும் யாரோ மாதிரி கைகுலுக்கினேன்.

அவளுடன் இறங்கியவர்தான் சீனியர். பெயர் ரோஸ். அறுபது வயது இருக்கும். நரைத்த முடி, அகலமான தோள், கையில் ஒரு டேப்லெட். சிரிப்பாரா மாட்டாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

கூட வந்தவர்களில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். பிரிஸ்பேனிலிருந்து சுற்றுலாக் கப்பலில் வந்திருந்த வயதான தம்பதி. பகல் மூன்று மணிக்குள் அவர்கள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும் என்று ஏறும்போதே ஷாமினியிடம் இரண்டு முறை சொன்னார்கள். மூன்றாவது ஆள், ஈப்போவிலிருந்து தனியாக வந்திருந்த மிஸஸ் வோங். எழுபது வயதில் ரோஜா நிறத் தொப்பி.

"யூ ஆல் மலேசியன் ஆ?" என்று என்னைப் பார்த்த உடனே கேட்டார். "கிள்ளான்," என்றேன். "வா! பாக் குட் தே ஊர்!" என்று, கிள்ளானுக்குப் பேர் வாங்கித் தந்த அந்தப் பன்றி விலா சூப்பைச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் பேசப் பயமாக இருந்தது. உளறிவிடுவேன்.

ஷாமினி ஒவ்வொருவர் பெயராகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் கவனித்தேன், என் பக்கத்தில் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால், இவர் வேனின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஷூ லேஸா? இவர் போட்டிருந்த ஷூவுக்கு ஏது லேஸ்?

எனக்குப் புரிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நிமிர்ந்து, பாக்கெட்டைத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து நின்றார். ஜாக்கெட் பாக்கெட் முந்தைய நாள் புடைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ஷாமினி இருக்கும் தெருவில் ஒரு வீட்டு வாசலில், 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி ஒரு பெட்டி நிறைய எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். இவர் நான்கு எடுத்தபோது டீக்கு என்று நினைத்தேன்.

நம் ஊரில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புது வண்டி வாங்கினாலும், பெரிய பயணம் கிளம்பினாலும் நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் நகர்வோம். இவர் தன் பஸ்ஸைப் புதிதாக எடுத்த அன்றும் அப்படித்தான் வைத்தார். ஆனால்... ஆக்லாந்திலா? கம்பெனி வேனுக்கா? டெஸ்ட் நடக்கும் நாளிலா?

கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிப் பரிசோதிப்பது அங்கே கட்டாயமாம். ரோஸ் டேப்லெட்டோடு பின்னால் வர, ஷாமினி விளக்கு, கண்ணாடி, டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்பக்க இடது டயருக்குக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"என்ன அது?" என்றார் ரோஸ்.

ஷாமினி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார்.

ரோஸ் மற்ற டயர்களையும் குனிந்து பார்த்தார். "நாலு எலுமிச்சம்பழம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "யார் இதைச் செய்தது?"

அப்போது பார்த்துத்தானா மிஸஸ் வோங் உற்சாகமாக முன்னால் வர வேண்டும்!

"அய்யோ, திஸ் ஒன் ஐ நோ லா! என் பக்கத்து வீட்டு மணியம் புதுக் கார் வாங்கினப்போ இப்படித்தான் வச்சார். இது இந்தியன் பிரேயர். வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வைப்பாங்க. வெரி குட் ஒன்!"

அங்கே இருந்த இந்திய முகங்கள் மொத்தம் மூன்று. ரோஸ் அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். இவருடைய மூக்கும் ஷாமினியின் மூக்கும் ஒரே அச்சு. அதை மறைக்க எந்த ஜாக்கெட்டும் கிடையாது.

இன்னும் மழுப்பலாம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம். ஷாமினி அப்படிச் செய்யவில்லை. நேராக ரோஸின் கண்ணைப் பார்த்தாள்.

"அவங்க என் அப்பா அம்மா. அப்பா பஸ் டிரைவரா இருந்தவர். இது எங்க பழக்கம். அவங்க வர்றத நான் காலையிலேயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் 'பஸ் டிரைவர்' என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. நாலு பேர் முன்னால், ஒரு பரீட்சையின் நடுவில். எனக்குச் சுருக்கென்றது. நான் என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறேனா?

"ஆமாம், சொல்லியிருக்க வேண்டும்," என்றார் ரோஸ். டேப்லெட்டில் எதையோ தட்டினார். "உங்கள் பெற்றோருக்குக் கருத்துப் படிவம் கிடையாது. மற்றவர்கள் சொல்வதை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். இப்போது இந்தப் பழங்களை என்ன செய்யப் போகிறீர்கள்?"

ஷாமினி ஒரு விநாடி யோசித்தாள். பிறகு நான்கு டயருக்கும் குனிந்து நான்கையும் எடுத்தாள். எடுத்து வந்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"ஈரமான ரோடுப்பா, நசுங்குனா வழுக்கும்," என்றாள் மெதுவாக. "ஆள் ஏறுற வண்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், ராத்திரி முழுக்கப் பாக்கெட்டில் வைத்துப் பாதுகாத்து, திருடன் மாதிரி குனிந்து வைத்தது. எதற்கு வைத்தார்? அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதானே? கோபம் கோபம் என்று எட்டு மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் இத்தனை பயம் இருந்திருக்கிறது. அதைப் போய் இப்படித் திருப்பிக் கொடுக்கிறாளே!

ஏறி உட்கார்ந்ததும் இவர் காதில் சொன்னேன். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"எதுக்கு வச்சுக்கணும்? நானா இருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்," என்றார். பழங்களைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வேன் கிளம்பியது.

முதலில் மவுங்காஃபாவ் என்ற எரிமலைக்குப் போனோம். மவுண்ட் ஈடன் என்றும் சொல்கிறார்கள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே நடக்க வேண்டும். உச்சியில் பிரமாண்டமான ஒரு கிண்ணம், முழுக்கப் புல். உள்ளே இறங்கிப் பார்க்கலாமா என்று பிரிஸ்பேன்காரர் கேட்டார்.

"இறங்கக் கூடாது," என்றாள் ஷாமினி. "இந்த மலை இங்குள்ள மாவோரி மக்களுக்கு மூதாதையர் மாதிரி. இந்தக் கிண்ணம் அவர்களுக்குப் புனிதமான இடம். எங்கள் கோயிலில் கருவறைக்குள் நாங்கள் போக மாட்டோம். வாசலில் நின்று பார்ப்போம். பார்ப்பதற்கு அதுவே போதும்."

ரோஸ் தலையை லேசாக ஆட்டினார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் மேடையில் பேச்சு வராமல் அழுதுகொண்டு இறங்கிய பிள்ளை இது! இன்று முன்பின் தெரியாத எட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள்.

இவர் கேட்டாரா? எங்கே. திரும்பி வந்ததும் கண் வேனின் முன்சக்கரத்தில்தான் இருந்தது.

"சரிவுல நிப்பாட்டுறப்ப வண்டி உருண்டுறாம டயர ரோட்டோரக் கர்ப் கல்லுப் பக்கம் திருப்பி வச்சிருக்கு பாத்தியா?" என்று கிசுகிசுத்தார். "நெறைய பேரு மறந்துருவானுங்க."

எட்டு மாதத்தில் மகளைப் பற்றி அவராகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. டயரைப் பற்றித்தான். இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்து கடலோரச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். வலது பக்கம் ஊர், இடது பக்கம் துறைமுகம். எல்லோரும் கடலில் கண்ணாக இருந்தார்கள். திடீரென்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்தார்.

"என்னங்க?"

"பின்னால. இடது பக்கம்." உதடு அசையாமல் சொன்னார். "காத்து எறங்குது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவர் முகம் இறுகிவிட்டது. வாயைத் திறந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா சொல்லித்தான் நிறுத்தினாள் என்றால் டெஸ்ட் அங்கேயே முடிந்தது. சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? முப்பத்தோரு வருஷப் பழக்கமும் பெற்ற பாசமும் சேர்ந்து அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டன.

டிக்... டிக்... டிக்...

இண்டிகேட்டர் சத்தம். வேன் மெதுவாக வேகம் குறைந்து, கடற்கரையோரம் வண்டி நிறுத்தும் இடத்துக்குள் அலுங்காமல் நுழைந்து நின்றது.

"பின் இடது டயர் இறங்குவது போல இருக்கிறது," என்று ஷாமினி ரோஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவர் மூச்சை விட்டார். "கண்டுபிடிச்சிருச்சு," என்றார் என்னிடம். "சீட்டுல ஒக்காந்தபடியே கண்டுபிடிச்சிருச்சு!"

டயரில் ஒரு ஸ்குரூ ஏறியிருந்தது. ஷாமினி கம்பெனிக்குப் போன் போட்டாள். மாற்று வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். பிரிஸ்பேன் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு தாண்டிவிட்டது. ஷாமினி ரோஸைப் பார்க்க, "முடிவு உங்களுடையது," என்றார் ரோஸ்.

"நானே மாற்றிவிடுகிறேன். கப்பலுக்கு நேரத்துக்குப் போய்விடலாம்," என்றாள் ஷாமினி.

முதலில் எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி மரத்தடிப் புல்லில் நிற்கவைத்தாள். தண்ணீருக்கு அப்பால் நின்ற தீவைக் காட்டினாள். ராங்கிடோட்டோ. இங்குள்ள எரிமலைகளில் கடைசியாகக் கடலிலிருந்து எழும்பியது அதுதானாம். அது வெடித்த காலத்தில் பக்கத்துத் தீவில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். விழுந்த சாம்பலில் அவர்கள் நடந்த காலடித் தடம் அப்படியே இறுகிக் கிடந்ததாம். கூடவே அவர்களுடைய நாயின் தடமும்.

"பயந்து ஓடிப் போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். சாம்பல் ஆறுவதற்குள் வந்து தங்கள் இடத்தைப் பார்த்திருக்கிறார்கள்," என்றாள். "நான் வேலை செய்யும்போது அந்தத் தீவைப் பாருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸஸ் வோங் தன் பையிலிருந்து ஈப்போ பிஸ்கட்டை எடுத்து விநியோகிக்க ஆரம்பித்துவிட்டார். யாருக்கும் பதற்றமே இல்லை. பிரிஸ்பேன் அம்மாள்கூட பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு கடிகாரத்தை மறந்தார்.

இவர் மட்டும் தீவைப் பார்க்கவில்லை. புல்வெளியின் விளிம்பில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஷாமினி எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள். ஜேக் ஏற்றும் முன் நட்டுகளைத் தளர்த்தினாள். வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்பேர் டயரை இறக்கி உருட்டி வந்தாள். ஒரு நட்டு கொஞ்சம் அடம் பிடித்தது. அவள் ஸ்பேனரில் முழு எடையையும் போட்டு அழுத்தியபோது, பின்னால் கட்டியிருந்த இவர் கைகள் தானாக இறுகின.

ரோஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "உதவி செய்ய வேண்டும் போல இருக்கிறது, இல்லையா?"

இவருக்கு ஆங்கிலம் சுமார்தான். தலையைப் பலமாக ஆட்டினார்.

"நோ, நோ. ஹெர் வேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டேன்.

"எத்தனை வருஷம் ஓட்டினீர்கள்?" என்று ரோஸ் கேட்டார்.

"தர்ட்டி ஒன் இயர்ஸ். பேக்டரி பஸ்." இதைச் சொல்லும்போது அவர் தோள் நிமிர்ந்தது. இத்தனை வருஷத்தில் வெளியாள் யாரிடமும் அவர் வேலையை இப்படி நிமிர்ந்து சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், 'டிரான்ஸ்போர்ட் லைன்' என்றுதான் முனகுவார்.

பார்த்தீர்களா, இது குடும்ப வியாதி. அவர் தன் வேலைக்கு 'டிரான்ஸ்போர்ட் லைன்', நான் மகள் வேலைக்கு 'டூரிசம் மேனேஜ்மென்ட்'. டிரைவர் என்ற சொல்லுக்கு வாயில் என்ன முள்ளா இருக்கிறது? காலையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் ஐம்பது பேரையும் முழுசாக அவரவர் வீட்டு வாசலில் சேர்ப்பதைவிடப் பெரிய நிர்வாகம் எந்த ஆபீஸில் நடக்கிறது? கூச்சப்பட்டது நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் இல்லை.

நட்டுகளை எதிர் எதிராக மாற்றி மாற்றி முடுக்கினாள். ஜேக்கை இறக்கியதும் மறுபடி ஒரு சுற்று. இவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் எண்ணுகிறார். கடைசி நட்டு இறுகியதும் தலையை ஒரே ஒரு முறை ஆட்டினார்.

ஷாமினி கையைக் கழுவிக்கொண்டு எல்லோரையும் ஏற்றினாள். பின் டயரை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள். கப்பலுக்குப் போதுமான நேரம் இருந்தது. அவசரமே படாமல், வந்த அதே நிதானத்தில் வண்டியை எடுத்தாள்.

கடலோரச் சாலை வளைந்து வளைந்து போனது. மிஸஸ் வோங் ஷாமினியிடம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போயிருப்போம். பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் தலை சாய்ந்து, வாய் பிளந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சன்னமாகக் குறட்டை வேறு.

வெளியாட்களுக்கு இது சாதாரணம். எனக்கு அப்படி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அடுத்தவர் ஸ்டீயரிங் பிடித்த வண்டியில் இந்த மனுஷன் கண்ணை மூடியதில்லை. பினாங்குக்குப் போன எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் விடிய விடிய ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தவர். காய்ச்சலில் கிடந்தபோது டாக்சியில் கொண்டுபோனேன், அப்போதும் கண் ரோட்டில்தான். 'ஓட்டுறவன் மேல நம்பிக்கை இருந்தாத்தான் தூக்கம் வரும்' என்பார். யார் மேலும் வந்ததில்லை.

அது ஷாமினிக்கும் தெரியும். உள் கண்ணாடியில் அவள் கண்கள் பின்னால் வந்தன. அப்பாவைப் பார்த்தாள். மறுபடி ரோட்டைப் பார்த்தாள். இன்னொரு முறை கண்ணாடியைப் பார்த்தாள். கண் நிறைந்து போயிருந்தது. வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள், வளைவில் அவர் தலை ஆடிவிடாமல்.

ரோஸ் திரும்பி என்னைப் பார்த்தார். "அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நீங்க படிவம் குடுக்கலயே. அதான் இப்படி மார்க் போடுறாரு."

ரோஸுக்கு ஒரு விநாடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த முகம் சிரிக்கும் முகம்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பாஸ் என்ற தகவல் மறுநாள் காலை வந்தது. வராமல் எங்கே போகும்?

அன்று படகுத்துறை வந்தும் நான் அவரை எழுப்பவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் குறட்டைக்கு எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்... அன்றைக்குத்தான் முதல் முறையாக, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இருந்தது.